சுவாமிமலை வார்ப்புச் சிற்பத்தை அறிந்து பார்க்கவும் பிறருக்குக் காட்டவும் ஒரு வழிகாட்டி

கையால் செய்த சிற்பம் ஒன்று வீட்டுக்கு வந்ததும் அதைப் படம் பிடித்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. அனுப்பப்படுவது பெரும்பாலும் முன்பக்கப் படம் ஒன்றும், எவ்வளவு அழகு பாருங்கள் என்னும் ஒரு வரியும் மட்டுமே. பார்ப்பவரும் அதே அளவில் ஒரு வரி பாராட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். செய்தவரின் திறமை அந்த உருவத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது காட்டியவருக்கும் தெரிவதில்லை, பார்த்தவருக்கும் தெரிவதில்லை. ஒரு சிற்பத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதென்றால், அது எந்த வரிசையில் உருவானதோ அந்த வரிசையில், அதைச் செய்தவர்களின் பெயரோடு காட்டுவதே முறை என்று கருதுகிறேன். அதற்காக எவற்றைப் பார்க்க வேண்டும், பட்டறையில் எவற்றைக் கேட்க வேண்டும், எப்படிப் படம் எடுக்க வேண்டும், படத்தின் கீழே என்ன எழுத வேண்டும் என்பவற்றைச் சுவாமிமலை உலோகச் சிற்பங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

செய்முறையை அறிந்துகொள்ளுதல்

கும்பகோணத்துக்கு அருகே காவிரிக் கரையில் இருக்கும் சுவாமிமலையை முருகனின் படைவீடுகளுள் ஒன்றாகப் பலரும் அறிவர். ஸ்தபதிகள் எனப்படும் சிற்பிகளின் பட்டறைகள் நிறைந்த ஊராகவும் அது இருக்கிறது. இங்கே செய்யப்படும் உலோகத் திருமேனிகள் புவிசார் குறியீடு பெற்றவை. இவை மெழுகு முறையில் வார்க்கப்படுகின்றன. வடமொழிச் சிற்ப நூல்கள் இம்முறையை மதூச்சிஷ்ட விதானம் என்று குறிப்பிடுகின்றன. இந்த முறையின் படிகளைத் தெரிந்துகொள்ளாமல் சிற்பத்தின் முன் நிற்பவருக்கு, அதன் நிறைகளும் குறைகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

முதலில் தேன்மெழுகையும் குங்கிலியப் பிசினையும் சிறிது கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, வளைந்துகொடுக்கும் ஒரு மெழுகைத் தயாரிக்கிறார்கள். தலை, உடல், கைகள், கால்கள் ஆகியவற்றைத் தனித்தனியே கையால் பிடித்து, தண்ணீரில் இட்டு இறுகச் செய்து, சூடான இரும்பால் இணைத்து முழு உருவமாக்குகிறார்கள். பூணூலும் மணிமாலைகளும் இடைக்கச்சையின் முடிச்சும் மெல்லிய மெழுகுத் திரிகளாக உருட்டப்பட்டு உடலின் மேல் ஒட்டப்படுகின்றன. முகத்தின் சாயல், தோளின் சரிவு, இடையின் வளைவு ஆகியவை முடிவாகும் இடம் இதுதான். பிற்பாடு உலோகத்தில் எவ்வளவு உளி ஓட்டினாலும், மெழுகில் தவறிய நிலையைத் திருத்த முடியாது.

அடுத்தது மண் கட்டுதல். காவிரி கொண்டுவந்து சேர்க்கும் மென்மையான வண்டல் மண்ணே முதல் பூச்சுக்கு உகந்தது. ஸ்தபதிகளின் குடும்பங்கள் இந்த ஊரில் தங்கியதற்கு அந்த மண்ணே காரணம் என்று அவர்களே சொல்வதுண்டு. உமிக்கரியோடு நன்றாக அரைத்த வண்டலை மெழுகு உருவின் மேல் மெல்லியதாகப் பூசும்போது, அது ஒவ்வொரு மணியின் இடுக்கிலும் நகத்தின் ஓரத்திலும் இறங்கிப் படிகிறது. அது நிழலில் காய்ந்த பிறகு, களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சுகள் அடுத்தடுத்து வருகின்றன. பெரிய உருவங்களுக்கு இரும்புக் கம்பி கட்டி வலுவூட்டுகிறார்கள். பின்னர் அந்த மண் கூட்டை வறட்டி அடுக்கிச் சுடும்போது, உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேற, உருவத்தின் வெற்றிடம் மட்டும் எஞ்சுகிறது. கூடு சூடாக இருக்கும்போதே அதை மண்ணில் புதைத்து நிறுத்தி, வாய் வழியாக உருகிய உலோகத்தை வார்க்கிறார்கள். கூட்டில் ஈரம் இருந்தால் நீராவி உலோகத்தைத் தூக்கி எறியும். கூடு ஆறிப்போயிருந்தால் விரல் நுனிகளுக்குச் சென்று சேருமுன் உலோகம் உறைந்துவிடும். ஒழுக்கு அறாமல் ஒரே தாரையாக ஊற்றுவதற்குப் பழகிய கை வேண்டும்.

கலவையில் பெரும்பகுதி செம்பு. அதனுடன் பித்தளையும் சிறிதளவு ஈயமும் சேர்கின்றன. இன்றைய பட்டறைகள் பலவற்றில் செம்பு எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். பஞ்சலோகம் என்னும் பெயருக்கு ஏற்பப் பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்குச் சேர்க்கப்படுகின்றன. சிலைக்குச் சொந்தக்காரர் விரும்பினால் தம் கையாலேயே அவற்றை உலையில் இடலாம். மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் தேவைப்படும் என்று கணக்கிட்டு, மெழுகு உருவை எடைபோட்ட பிறகே உலையில் உலோகத்தை ஏற்றுகிறார்கள். ஆறியபின் மண் கூட்டை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். ஒரு கூட்டிலிருந்து ஒரே சிற்பம்தான் பிறக்கிறது. அச்சு அத்தோடு அழிந்துவிடுகிறது. 2023 இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட, சுமார் 27 அடி உயரமும் 18 டன் எடையும் கொண்ட நடராசர் சிலையும் சுவாமிமலையில் இந்த மெழுகு முறையிலேயே செய்யப்பட்டது.

இறுதியாக உளியும் அரமும் வேலை செய்கின்றன. வார்ப்புக் குழாய்களின் முளைகளை வெட்டி எடுத்து, மேனியை அராவி, ஆபரணங்களின் நுணுக்கங்களைச் செதுக்கி, மெருகு ஏற்றுகிறார்கள். வழிபாட்டுக்கு உரிய திருமேனியாயின், எல்லா வேலையும் முடிந்த பிறகு நல்ல நேரம் பார்த்துக் கண் திறக்கும் சடங்கு நடைபெறும்.

அளவு பார்த்தல்

அழகு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பாதி அளவினால் வருவது. சிற்ப நூல்களில் அந்த அளவுமுறைக்குத் தாலம் என்று பெயர். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் விதிக்கப்படுகிறது. அதன்படி உருவத்தின் உயரம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும். தேவியருக்கு மத்திம தசதாலம், அதாவது 120 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். இந்த அங்குலம் கடையில் கிடைக்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. செய்ய வேண்டிய உருவத்தின் உயரம் எதுவோ அதற்கேற்பத் தென்னை ஓலை ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பகுதிகளைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு சாண் உயரச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் ஓலையின் நீளம்தான் மாறுகிறது, பகுப்பு மாறுவதில்லை.

இதை நீங்களே ஒரு காகிதத் துண்டைக் கொண்டு சோதிக்கலாம். நேராக நிற்கும் சிவன் அல்லது திருமால் உருவத்தின் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மயிர் தொடங்கும் வரியிலிருந்து தாடை வரையுள்ள முக நீளத்தைக் காகிதத்தில் குறியுங்கள். உத்தம தசதாலத்தில் அது 13½ அங்குலம். கழுத்தின் அடியிலிருந்து மார்பு வரை ஒரு முக நீளம், மார்பிலிருந்து உந்தி வரை ஒன்று, உந்தியிலிருந்து கால்கள் பிரியும் உடலின் அடி வரை ஒன்று என மூன்று முறை அதே துண்டு பொருந்த வேண்டும். தொடைக்கு இரண்டு முக நீளம், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மேலும் இரண்டு. உச்சி, கழுத்து, முழங்கால், பாதம் ஒவ்வொன்றும் 4 அங்குலம். இவற்றைக் கூட்டினால் உடலின் அடிப்பகுதி சரியாக 62 ஆம் அங்குலத்தில், அதாவது மொத்த உயரத்தின் நடுவில் விழுவதைக் காணலாம். சடாமகுடமும் கிரீடமும் இந்தக் கணக்கில் சேராதவை.

மலிவான உருவங்களில் தலை பெருத்தும் கால்கள் குறுகியும் இருப்பதன் காரணம் இந்தத் துண்டுக் காகிதத்தில் உடனே தெரிந்துவிடும். அதற்காக அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் சிற்பத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. தேர்ந்த ஸ்தபதி நூல் அறிந்தே அதைச் சற்றே மீறுவார். வளைந்து நிற்கும் திரிபங்க நிலையில் அளவை அப்படியே ஏற்றினால் உருவம் விறைத்துப்போகும். நூலை அறியாமல் நேர்ந்த பிழையையும் அறிந்து செய்த மாற்றத்தையும் பிரித்துக் காண்பதற்குப் பல உருவங்களைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

முதுகு, விரல், விளிம்பு

முன்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள் என்று தெரிந்தே செய்கிறார்கள். ஆகவே சிற்பத்தைத் திருப்பிப் பாருங்கள். தலைக்குப் பின்னே சக்கர வடிவ அணியான சிரசக்கரம் இருக்கிறதா, அதிலிருந்து தொங்கும் குஞ்சங்கள் முழுமையாக இருக்கின்றனவா, தோளில் விழும் சுருள் முடிகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கின்றனவா, முதுகெலும்பின் பள்ளம் இடுப்பு வரை இயல்பாக இறங்குகிறதா, ஆடையின் மடிப்பு பின்னாலும் தொடர்கிறதா என்பவற்றை நோக்க வேண்டும். கோயில் உலாத் திருமேனிகள் அலங்காரத்தோடு வீதியில் வரும்போது முதுகை யாரும் காண்பதில்லை. ஆயினும் சோழர் காலத்து நல்ல படிமங்களில் முதுகு, முகத்துக்குக் குறையாத கவனத்தோடு செய்யப்பட்டிருக்கிறது. இன்றைய பட்டறையிலும் முதுகைத் தட்டையாக விட்டவர் எங்கே நேரத்தை மிச்சப்படுத்தினார் என்பது அங்கே எழுதியிருக்கும்.

அடுத்து விரல்கள். அபய கரத்தின் விரல்கள் ஒட்டிய பலகைபோல் இருக்கின்றனவா, அல்லது ஒவ்வொரு கணுவிலும் சற்றே வளைந்து, நடுவிரலும் மோதிரவிரலும் வேறுவேறு சாய்வில் நிற்கின்றனவா என்று பாருங்கள். தேவியின் கடக முத்திரையில் பூவைச் செருகுவதற்கு உண்மையாகவே இடம் இருக்க வேண்டும். தொங்கும் இடக்கையின் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறதா என்பதும் நல்ல சோதனை. அந்தத் தளர்ச்சியை மெழுகில் கொண்டுவருவது எளிதன்று.

கோடுகளைக் கூர்ந்து நோக்கினால் அவை மெழுகில் இடப்பட்டவையா, உலோகத்தில் உளியால் வெட்டப்பட்டவையா என்பதை ஓரளவு கண்டுகொள்ளலாம். மெழுகிலேயே உருவான கோட்டின் விளிம்பு மழுங்கி மென்மையாக இருக்கும். உளிக்கோட்டின் விளிம்பு கூர்மையாகவும் அடிப்பகுதி குறுகியும் இருக்கும். பழைய சோழப் படிமங்களில் பெரும்பாலான நுணுக்கங்கள் மெழுகிலேயே முடிந்துவிட்டன. பிற்காலத்தில் உளிக்கு வேலை மிகுந்தது. எது உயர்ந்தது என்று வழக்காட வேண்டியதில்லை. என் விருப்பத்தைக் கேட்டால், மேனி மெழுகின் மென்மையோடும் ஆபரணம் உளியின் கூர்மையோடும் இருக்கும் சிற்பத்தையே தேர்ந்தெடுப்பேன்.

குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். சிறு குமிழித் துளைகள் காற்று சிக்கியதால் வருபவை. மேனியில் ஓரிடம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் அங்கே உலோகம் எட்டாமல்போய்ப் பிற்பாடு ஒட்டு வைத்திருக்கக்கூடும். இயந்திரச் சக்கரத்தில் மிகையாக மெருகேற்றிய சிலையில் புருவக் கோடும் மூக்கு நுனியும் மாலை மணிகளும் தேய்ந்து, எல்லாம் ஒரே வழவழப்பாக மின்னும். வாங்குவோர் பளபளப்பையே விரும்புவதால் பட்டறைக்காரர்களும் அப்படியே கொடுக்கிறார்கள்; உளிவேலையை விரும்புபவர் சக்கர மெருகு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சுவாமிமலைத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளீடு நிறைந்த கன வார்ப்புகள். கையில் எடுத்தவுடன் எடை சொல்லிவிடும். அடிப்பகுதி குழிந்து, பக்கவாட்டில் அச்சின் இணைப்புக் கோடு ஓடி, பத்துச் சிலைகள் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருந்தால் அவை மண் அச்சில் வார்த்த பித்தளை உருவங்களாக இருக்கலாம். அவற்றை விற்பதில் தவறில்லை, மெழுகு வார்ப்பு என்று சொல்லி விற்பதுதான் தவறு. மண் அச்சு என்றாலே தாழ்ந்த வேலை என்று எண்ணிவிடவும் கூடாது. புகழ்பெற்ற நாச்சியார்கோயில் குத்துவிளக்குகள் மண் அச்சில் வார்க்கப்படுபவைதாம்.

கண்ணைப் பழக்குதல்

புதிய சிற்பத்தை மதிப்பிடுவதற்குமுன் பழையவற்றைப் பார்த்திருப்பது பெரிதும் உதவும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசர், சுற்றிலும் அமையும் சுடர் வளையமான திருவாசி இல்லாமல் நிற்பதால், தூக்கிய காலையும் வீசிய கையையும் முயலகன்மேல் ஊன்றிய காலையும் கொண்டு ஓர் உருவம் எப்படித் தன் நிறையைத் தானே தாங்குகிறது என்பதைத் தடையின்றிக் காட்டுகிறது. தஞ்சாவூர் அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், இருக்கிறார். 1011 ஆம் ஆண்டைச் சேர்ந்த இப்படிமத்தில் காளை இல்லை. காளையின்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் இருக்கிறது. பாம்புகளைத் தலைப்பாகையாகச் சுற்றிய சடையையும் கால்மாறி நிற்கும் நிலையையும் பார்த்துவிட்டு அந்தக் கையைப் பாருங்கள். இல்லாத காளையின் உயரம் தெரிந்துவிடும். எங்கே நின்றால் முழங்கால் மடிப்பும் இடுப்பின் சாய்வும் ஒருசேரத் தெரிகின்றன என்று இடம் மாறி மாறி நின்று பார்ப்பது நல்ல பயிற்சி.

பட்டறையில்

பட்டறைக்குச் செல்பவர் வேலை நடக்கும் இடத்துக்குச் செல்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. வார்ப்பு நடக்கும் நாளில் கேள்வி கேட்டுக்கொண்டு உலையருகே நிற்பது ஆபத்து. மெழுகு உருவங்களைத் தொடக் கூடாது. கையின் சூடே அவற்றைக் குழைத்துவிடும். கண் திறக்காத திருமேனிகளைப் படம் எடுப்பதைச் சில ஸ்தபதிகள் விரும்புவதில்லை; ஆதலால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். வயதில் மூத்த ஸ்தபதியை, ஊர் வழக்கப்படி, ஐயா என்று அழைத்துப் பேசலாம்.

விலை என்ன என்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்த மெழுகு உருவம் கையால் பிடித்ததா, அச்சில் ஊற்றி எடுத்ததா? அதிகம் விற்பனையாகும் சிறு உருவங்களுக்கு மெழுகையே அச்சில் எடுப்பதும் உண்டு; அதன்பின் மண் கட்டி வார்ப்பதெல்லாம் ஒன்றுதான் என்றாலும், முகத்தைப் பிடித்த கை வேறு கணக்கு. மெழுகு வேலை செய்தவர் யார், மண் கட்டியவர் யார், வார்த்தவர் யார், உளிவேலை யாருடையது? பெரிய பட்டறைகளில் இவை தனித்தனி ஆட்களின் வேலை. பெயர்ப்பலகையில் இருப்பது ஒரு பெயர் மட்டுமே. திருவாசி தனியாக வார்த்ததா? கலவையில் செம்பு எவ்வளவு? கன வார்ப்பா, உள்ளீடற்றதா? இது எந்த ஊர்ப் படிமத்தைப் பார்த்துச் செய்தது? இவற்றைக் கேட்பவரிடம் ஸ்தபதி பேசும் விதமே மாறுவதைக் காணலாம். வேலையை விளக்கச் சொல்லிக் கேட்டால் பலர் நேரம் ஒதுக்கிச் சொல்வார்கள். அந்த நேரமும் அவர்களுடைய கூலி நேரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது மரியாதை.

விலையைப் பெரும்பாலும் எடையையும் வேலையின் நுணுக்கத்தையும் சேர்த்தே சொல்வார்கள். ஒரே எடையுள்ள இரண்டு சிவகாமிகளுள் ஒன்றின் விலை மற்றதைவிட மிகுதியாக இருந்தால், முதுகையும் விரலையும் பார்த்துவிட்டு அந்த வேறுபாடு நியாயமா என்று முடிவு செய்யுங்கள். உலோகத்தின் சந்தை விலையைச் சொல்லி வாதிடுவது உளிக்கூலியை இல்லையென்று சொல்வதாகும். பட்டறைகளுக்கு நேரில் செல்ல முடியாதவர்கள், தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களில் சுவாமிமலைச் சிற்பங்களைப் பார்க்கலாம்.

படம் எடுத்தல்

கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய் எடுப்பதுதான் உலோகச் சிற்பப் படங்களில் காணப்படும் பொதுவான தவறு. அகன்ற கோண வில்லைக்கு அருகில் இருப்பது பெருத்தும் தள்ளியிருப்பது சிறுத்தும் தெரியும். தலை பெரிதாகி, கால்கள் குறுகி, ஸ்தபதி ஓலை மடித்து வைத்த அளவு முழுவதும் படத்தில் கெட்டுவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியில் தொலைவிலிருப்பதை அருகே காட்டும் வில்லை (டெலி லென்ஸ்) இருந்தால் அதைக் கொண்டு, உருவத்தின் உந்திக்கு நேர் உயரத்தில் வைத்து எடுங்கள். மேலிருந்து குனிந்து எடுத்த படத்தில் தெய்வம் குள்ளமாகும்.

ஒளி ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை அல்லது மாலை நேரத்தில் சன்னலுக்குப் பக்கவாட்டில் சிற்பத்தை வைத்து, நேர்வெயில் விழாமல் மெல்லிய வெள்ளைத் துணியால் மறைத்தால், மேனியின் ஏற்ற இறக்கங்கள் நிழலால் தெளிவாகும். கைப்பேசியின் மின்னொளி (பிளாஷ்) எல்லா நிழலையும் அழித்து, நெற்றியிலும் வயிற்றிலும் வெள்ளைப் புள்ளிகளை மட்டுமே விட்டுச்செல்லும். மெருகேற்றிய உலோகம் எதிரிலிருப்பதையெல்லாம் காட்டும். எடுப்பவரின் சட்டை நிறம்கூட மார்பில் தெரியும். மறுபக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி, வெளிர் நிறச் சட்டை அணிந்து எடுத்தால் இதில் பெரும்பகுதி தீரும். கருவி தானாக முடிவு செய்யும் வெளிச்சம் பெரும்பாலும் மிகையாக இருக்கும். திரையில் அதைச் சற்றுக் குறைத்தால் உலோகத்தின் உண்மை நிறம் கிடைக்கும். பின்புலமாகச் சுருக்கமில்லாத சாம்பல் அல்லது மங்கிய பழுப்புத் துணி போதும். பட்டுப் புடவையையும் பூமாலையையும் சுற்றி அடுக்குவது பூசைக்குப் பொருந்தும். உளிவேலையைக் காட்டுவதற்குப் பொருந்தாது.

எத்தனை படங்கள் என்பதைவிட எந்த வரிசை என்பது முக்கியம். முன்புறம் முழுமையாக ஒன்று, இரு பக்கவாட்டுகள், முதுகு ஒன்று. பின்னர் முகம், ஒரு கை, இடைக்கச்சை, பீடத்தின் தாமரை இதழ்கள். அளவு தெரிய ஏதேனும் ஒரு படத்தில் அளவுகோலை வைக்கலாம். பட்டறையில் மெழுகு நிலையிலும் கூட்டை உடைத்த நிலையிலும் எடுத்த படங்கள் கிடைத்திருந்தால் அவற்றை முதலில் வையுங்கள். கரடுமுரடாகவும் கருத்தும் இருக்கும் வார்ப்பைப் பார்த்த பிறகு முடிந்த உருவத்தைப் பார்ப்பவருக்கு, இடைப்பட்ட வேலை எவ்வளவு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கோயிலில் வழிபாட்டில் உள்ள திருமேனிகளைப் பொறுத்தவரை, அனுமதி இல்லாமல் படம் எடுக்கவே கூடாது.

குறிப்பு எழுதுதல்

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கொடையாக அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பற்றிச் சொல்லும்போது, பாதாதி கேசாந்தம் எத்தனை விரல் உயரம், எத்தனை கைகள், பீடம் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் கணக்காகப் பதிந்திருக்கின்றன. உயரத்தைப் பாதத்திலிருந்து கேசம் வரை அளந்து சொன்னதால், மகுடத்தையோ பீடத்தையோ சேர்த்துக் குழப்பிக்கொள்ள இடமில்லை. நம் குறிப்பையும் அதே கண்டிப்போடு எழுதலாம். எடுத்துக்காட்டாக இப்படி:

"சிவகாமி, நின்ற கோலம், திரிபங்கம். சுவாமிமலை, 2024. செம்பு மிகுந்த கலவை. கையால் பிடித்த மெழுகு, கன வார்ப்பு. பாதம் முதல் கேசம் வரை அளவுகோலில் 12 அங்குலம். பீடமும் மகுடமும் சேர்த்து 16 அங்குலம். மெழுகு, மண், வார்ப்பு, உளிவேலை ஆகியவற்றைச் செய்தோர் பெயர்கள். பழைய படிமம் ஒன்றைப் பார்த்துச் செய்தது. அணிகலன்கள் ஸ்தபதியின் சொந்த அமைப்பு."

பெயர்களை அவரவர் இசைவோடு மட்டுமே போட வேண்டும். கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் கேட்காமல் எழுதக் கூடாது. வரைவை முன்கூட்டியே பட்டறைக்கு அனுப்பிக் காட்டினால் பெயர் விடுபட்டவர் யாரென்று அவர்களே சொல்லிவிடுவார்கள்; வார்ப்பு வேலை செய்பவரின் பெயர்தான் பெரும்பாலும் விடுபடும்.

பாராட்டு வரியை எழுதும்போது தெய்வீகம், அற்புதம், உயிரோட்டம் போன்ற சொற்களைத் தவிர்த்து, கண்டதைச் சொல்லுங்கள். இடக்கையின் மணிக்கட்டு தளர்ந்து விழுவது நன்றாக வந்திருக்கிறது, இடைக்கச்சையின் முடிச்சு பின்னாலும் சரியாகச் சேர்கிறது என்று எழுதினால், படிப்பவர் படத்தை மறுபடி பார்ப்பார். ஸ்தபதிக்கும் தம் வேலை எங்கே கவனிக்கப்பட்டது என்று தெரியும். பிறர் பகிர்ந்த சிற்பத்துக்குக் கருத்துச் சொல்வதற்கும் இதுவே பொருந்தும். குறை ஒன்று கண்ணில் பட்டால் அதைச் செய்தவரிடம் தனியே சொல்வது நாகரிகம்.

புதிய சிற்பத்தைச் சோழர் காலச் சிலை என்றோ, பழைய சிலை என்று எண்ணும்படியோ எழுதவே கூடாது. சோழர் பாணியில் இன்று செய்தது என்று எழுதுவதில் இழுக்கு எதுவும் இல்லை. இது வெறும் சொல்லாட்சிப் பிழை அன்று. சிவபுரம் கோயிலின் பழைய நடராசர் பழுதுபார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட இடத்தில் போலி ஒன்று செய்து மாற்றப்பட்டு, உண்மையான படிமம் கடல் கடந்து, 1986 இல்தான் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது. பழமைச் சாயல் ஏற்றிய புதுச் சிலைகளைப் பழையவை என்று விற்பவர்களும், உண்மையில் பழையவற்றைப் புதியவை என்று கடத்துபவர்களும் பயன்படுத்திக்கொள்வது இந்தக் குழப்பத்தைத்தான். செய்த ஆண்டையும் பட்டறையையும் எழுதி, விலைச்சீட்டைப் பத்திரப்படுத்துவது வாங்கியவருக்கும் செய்தவருக்கும் காப்பு.

பேணுதலும் அனுப்புதலும்

கூடத்தில் வைக்கும் சிற்பத்துக்கு மென்மையான உலர்ந்த துணியும், இடுக்குகளுக்கு மெல்லிய தூரிகையும் போதும். பூசையில் உள்ளதைப் புளி கொண்டு துலக்கினால், நன்றாகக் கழுவி ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும். உப்புக் காற்று படும் கடலோர வீடுகளில் பச்சைப் பொடியாக உதிரும் அரிப்பு தோன்றினால், அதைச் சுரண்டிவிட்டு மெருகேற்ற முனையாமல், பிற உலோகப் பொருட்களிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, பேணுதல் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். பழமைச் சாயல் ஏற்றிய சிலையைத் துலக்கினால் சாயல் திட்டுத் திட்டாகப் போய்விடும்.

வெளியூருக்கு அனுப்பும்போது நடராசரின் திருவாசியைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். நீட்டிய கைகளுக்கும் விரிசடைக்கும் பஞ்சு வைத்து, அவற்றின்மேல் எடை விழாதபடி பீடத்தைப் பெட்டியின் அடியோடு அசையாமல் இறுக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின், 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள் தொல்பொருள்களாகக் கருதப்படுவதையும், தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். புதிய சிற்பமே ஆனாலும், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் பெற்றுவைத்தால் சுங்கச் சோதனையில் தடை வராது. அதற்கு நீங்கள் எடுத்த முன்பக்க, பின்பக்கப் படங்களும், பட்டறையின் விலைச்சீட்டும், அளவும் எடையும் எழுதிய குறிப்பும் உதவும். பல பட்டறைகளும் பூம்புகார் நிலையங்களும் இந்த வேலையில் பழகியவை என்பதால், வாங்கும் நாளிலேயே அவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.